ஐஸ் லயத்து வீட்டிற்கு வந்த கதை



சென்ற பள்ளி விடுமுறையில் எங்கள் பழைய மாணவர் ஒருவர் என்னைப் பார்க்க வந்திருந்தார். அவர் நாள்தோறும் விடியற்காலை 4 மணிக்கு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு, இரண்டாம் இணைப்புப் பாலத்தைத் தாண்டி, சிங்கப்பூரின் துவாஸ் வட்டாரத்தில் வேலைக்குப் போகிறவர். இந்த நிகழ்ச்சியைக் கேட்கும் ஜொகூர்த் தோட்டத்துக் குடும்பங்களில் பலவற்றில் அப்படி ஒரு மகனோ மருமகனோ இருப்பார். 1998ஆம் ஆண்டில் அந்தப் பாலம் திறக்கப்பட்டதிலிருந்து, பால்மரம் சீவிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் துவாஸ் என்பது அடுத்த ஊர் மாதிரி ஆகிவிட்டது.

"என்ன வேலை தம்பி?" என்று கேட்டேன். "ஐஸ் கிடங்கு டீச்சர். வெளிய வேர்த்து ஊத்தும். உள்ள போனா மைனஸ் 18. கம்பளிச் சட்டை, கையுறை, தொப்பி எல்லாம் போட்டுக்கிட்டுத்தான் போகணும். 40 நிமிஷத்துக்கு ஒரு தடவ வெளிய வந்து சூடா எதாச்சும் குடிக்கணும்" என்றார். கப்பலில் வரும் இறைச்சி, மீன், ஐஸ்கிரீம், பட்டாணி எல்லாம் அங்கே அடுக்கி வைக்கப்படுகின்றனவாம்.

அவர் போன பிறகும் அந்தப் பேச்சு என் மனத்தை விட்டுப் போகவில்லை. வருடம் முழுவதும் வெயில் காயும் நம் நாட்டில் பனி விழுவது கிடையாது. அப்படியிருக்க, இந்தக் குளிர் நம்மிடம் எப்படி வந்தது? யாரிடம் முதலில் வந்தது? தோட்டத்துப் பிள்ளையின் கையில் ஒரு ஐஸ் குச்சி வந்து சேர எத்தனை காலம் ஆயிற்று? இன்றைய பேச்சில் அந்தக் கதையைச் சொல்கிறேன். போகிற போக்கில், பழமும் சாக்லெட்டும் கொண்டு வீட்டிலேயே செய்யக்கூடிய சில குளிர்ப் பண்டங்களையும் சொல்கிறேன். தாய்மார்கள் பென்சிலும் தாளும் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

துவாஸ் என்ற பெயரைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. தொழிற்சாலைகள் வருவதற்கு முன்னால் அது மீனவர் வாழ்ந்த கடற்கரைக் கிராமம். தென்னை ஓலைகளைக் கடலில் மிதக்க விட்டு, அந்த நிழலுக்கு ஒதுங்க வரும் மீன்களை வலை வீசிப் பிடிக்கும் முறைக்கு மலாய்க்காரர்கள் வைத்த பெயரிலிருந்து அந்த ஊர்ப்பெயர் வந்தது என்று சொல்லுவார்கள். வெயிலில் நிழலைக் காட்டி மீனைக் கூப்பிட்ட ஊரில் இன்று குளிரை அடைத்து மீனைக் காக்கிறார்கள்.

இனிக் கதைக்கு வருவோம். இயந்திரம் வருவதற்கு முன்னாலேயே இந்தியாவில் குளிரைத் தேடிய மன்னர்கள் இருந்தார்கள். அக்பர் பாதுஷாவின் ஆட்சிமுறையை எழுதி வைத்த அபுல் பாசல், வெடியுப்பைத் தண்ணீரில் கரைத்து, அதற்குள் குடிதண்ணீர்க் குப்பியைச் சுழற்றிக் குளிரவைத்ததைக் குறித்திருக்கிறார். துப்பாக்கி மருந்துக்குப் பயன்படும் அதே வெடியுப்புத்தான். 1586ஆம் ஆண்டுக்குப் பின் அரசவை பஞ்சாபில் தங்கியிருந்தபோது, இமயமலைப் பக்கத்திலிருந்து பனிக்கட்டியையே கொண்டுவந்தார்கள். மன்னர் குடிக்கும் ஒரு குவளைத் தண்ணீர் குளிர்ந்திருக்க, எத்தனை பேர் மலையிலிருந்து சுமந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

வங்காளத்திலும் அலகாபாத்திலும் வேறொரு முறை இருந்தது. தரையில் ஆழமில்லாத குழிகள் வெட்டி, அவற்றில் கரும்புச் சக்கையையோ வைக்கோலையோ பரப்புவார்கள். அதன்மேல் மெருகு பூசாத சின்னச் சின்ன மண்தட்டுகளை வரிசையாக வைத்து, காய்ச்சி ஆறிய தண்ணீரை ஊற்றி வைப்பார்கள். மார்கழி, தை மாதங்களில் மேகமில்லாத, காற்றில்லாத இரவுகளில், தட்டிலுள்ள தண்ணீர் தன் சூட்டைத் திறந்த வானத்தை நோக்கி இழந்து மெல்லிய ஏடாக உறைந்துவிடும். காற்று உறையும் அளவுக்குக் குளிராத இரவுகளிலும் இது நடக்கும். ராபர்ட் பார்க்கர் என்ற ஆங்கிலேயர் 1775ஆம் ஆண்டில் இதை வியந்து எழுதியிருக்கிறார். சூரியன் எழுமுன் கூலிகள் ஓடி ஓடி அந்த ஏடுகளைப் பொறுக்கி எடுத்துக் குழியில் இடித்து நிரப்பி வைப்பார்கள். அது வெயில் காலத்தில் துரைமார் மேசைக்குப் போகும். இருட்டில் எழுந்து விடியுமுன் வேலையை முடிப்பது என்பது பால்வெட்டு வேலைக்கு மட்டும் உரியதல்ல போலும்.

இப்போது ஒரு விந்தையான வியாபாரத்தைப் பற்றிச் சொல்லப் போகிறேன். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் முதலில் நம்புவதில்லை.

அமெரிக்காவில் பாஸ்டன் என்ற நகரம். அங்கே குளிர்காலத்தில் குளங்கள் பாறைபோல் உறைந்துவிடும். பிரடெரிக் டியூடர் என்ற இளைஞர், "இங்கே சும்மா கிடக்கும் ஐஸை வெயில் நாட்டுக்கு அனுப்பி விற்றால் என்ன?" என்று எண்ணினார். 1806இல் கரீபியத் தீவாகிய மார்ட்டினிக்கிற்கு முதல் கப்பலை அனுப்பினார். ஊரே சிரித்தது. பணமும் நட்டமாயிற்று. பின்னர் கடனுக்காகச் சிறைக்கும் போனார். ஆனாலும் மனிதர் விடவில்லை. மரத்தூளை நெருக்கமாக அடைத்து வைத்தால் ஐஸ் மெதுவாகத்தான் உருகும் என்று கண்டுகொண்டார். குதிரை இழுக்கும் கலப்பை போன்ற கருவியால் குளத்து ஐஸைச் சதுரம் சதுரமாக அறுக்கும் முறையை அவருடைய கூட்டாளி வையத் கண்டுபிடித்தார். சதுரமாக இருந்தால் இடைவெளி இல்லாமல் அடுக்கலாம், உருகுவதும் குறையும்.

1833ஆம் ஆண்டு மே மாதம் டஸ்கனி என்ற கப்பல் 180 டன் ஐஸுடன் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. ஆப்பிரிக்காவைச் சுற்றி, வெப்பக் கடல்களைத் தாண்டி, நான்கு மாதம் பயணம். செப்டம்பரில் கல்கத்தா வந்து சேர்ந்தபோது ஏறத்தாழ 100 டன் ஐஸ் மிஞ்சியிருந்தது! ஏன் முழுவதும் உருகவில்லை? ஒரு கிலோ ஐஸ் தண்ணீராக மாறுவதற்குத் தேவைப்படும் சூடு கொஞ்சநஞ்சமல்ல. அதே சூட்டை ஒரு கிலோ குளிர்ந்த தண்ணீருக்குக் கொடுத்தால் அது கைபட முடியாத 80 டிகிரிக்கு ஏறிவிடும். அவ்வளவு சூடும் மரத்தூளைத் தாண்டி உள்ளே போக நாளாகும்.

கல்கத்தாவில் ஆங்கிலேயர்கள் கொண்டாடினார்கள். பிறகு பம்பாயிலும் சென்னையிலும் ஐஸ் வீடுகள் எழுந்தன. சென்னைக் கடற்கரையில் 1842 அளவில் கட்டப்பட்ட அந்த வட்டமான கட்டடம் இன்றும் நிற்கிறது. சுவாமி விவேகானந்தர் 1897ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஒன்பது நாள் தங்கியது அந்த வீட்டில்தான். இப்போது அதற்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயர். ஆனாலும் அந்தப் பேட்டையை இன்றைக்கும் ஐஸ் ஹவுஸ் என்றுதான் சென்னைவாசிகள் சொல்லுகிறார்கள்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு நினைப்பு வருவதுண்டு. அதே பத்தொன்பதாம் நூற்றாண்டில், அதே சோழமண்டலக் கடற்கரையில், சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் நம்முடைய முன்னோர்கள் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். பஞ்சமும் கடனும் அவர்களை வெளியே தள்ளின. ஐஸ் மரத்தூளுக்குள் பத்திரமாக வந்து இறங்கிற்று. மனிதர்கள் கப்பல் தளத்தில் வெயிலும் மழையும் பட்டுப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். நான் பயிற்சிக் கல்லூரியில் படித்த வரலாற்றுப் புத்தகத்தில் இவை இரண்டும் வெவ்வேறு பாடங்களில் இருந்தன. ஒரே கடற்கரையில் நடந்தவை என்பது எனக்கே வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

சிங்கப்பூருக்கும் அந்த அமெரிக்க ஐஸ் வந்தது. கப்பல்களுக்கு உணவுப் பொருள் கொடுத்துச் செல்வரான ஹூ ஆ கே என்ற சீனப் பெரியவர் அங்கே இருந்தார். அவர் பிறந்த ஊரின் பெயரால் வாம்போவா என்றே எல்லோரும் அவரை அழைத்தார்கள். சிங்கப்பூர் ஆற்றங்கரையில், ஹில் ஸ்திரீட்டும் ரிவர்வேலி ரோடும் சேரும் இடத்தருகே, 1854இல் அவர் ஒரு ஐஸ் வீட்டை நடத்தத் தொடங்கினார். ஆனால் வாங்குகிற ஆள் போதவில்லை. ஊரில் ஐரோப்பியர் சிலர்தாம். ஆற்றங்கரையில் மூட்டை சுமந்தவர்களும், சாலை போட்ட இந்தியக் கைதிகளும் ஐஸ் வாங்கவா போகிறார்கள்? சில ஆண்டுகளில் வியாபாரம் நின்றுபோயிற்று. கட்டடம் மட்டும் வெகுகாலம் நின்று, 1981இல் சாலையை அகலப்படுத்துவதற்காக இடிக்கப்பட்டது.

வாம்போவாவை வீழ்த்தியது கூட்டக்குறைவு என்றால், டியூடரின் கப்பல்களை வீழ்த்தியது இயந்திரம். 1850களில் ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்ற பத்திரிகையாசிரியர், ஈதர் என்னும் திரவத்தைக் கொண்டு ஐஸ் செய்யும் இயந்திரத்தை அமைத்தார். தத்துவம் எளிதானது. ஊசி போடுமுன் மருத்துவமனையில் தாதி கையில் ஸ்பிரிட் தடவுகிறாரே, அந்த இடம் சில்லென்று ஆகிறதல்லவா? ஸ்பிரிட் ஆவியாகும்போது தோலின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. இயந்திரம் அந்த ஆவியை விடாமல் பிடித்து, அழுத்தித் திரும்பவும் திரவமாக்கி, மறுபடியும் ஆவியாக விடுகிறது. இப்படிச் சுற்றிச் சுற்றிச் சூட்டை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். உங்கள் வீட்டு ஐஸ் பெட்டியின் பின்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருக்கும். உள்ளேயிருந்து எடுத்த சூடுதான் அது.

1860களிலிருந்து சிங்கப்பூரிலேயே ஐஸ் செய்யத் தொடங்கினார்கள். 1903இல் கோல்டு ஸ்டோரேஜ் கம்பெனி பதிவாயிற்று. ஆஸ்திரேலியாவிலிருந்து உறைந்த இறைச்சி வந்தது. பிறகு அதே கம்பெனி ஐஸ்கிரீமும் செய்தது. 1930களில் மேக்னோலியா என்ற பெயர் வந்தது. பெரியவர்கள் அந்தப் பெயரைக் கேட்டாலே முகம் மலர்வார்கள்.

ஏழை மக்களுக்கு வந்தது ஐஸ்கிரீம் அல்ல, கட்டி ஐஸ். தொழிற்சாலையில் செய்த பெரிய கட்டிகள் சாக்குப் போர்த்திய வண்டிகளில் தெருவுக்கு வந்தன. சிராங்கூன் ரோட்டிலும் மற்றத் தெருக்களிலும் சர்பத் விற்றவர்கள் அதை வாங்கினார்கள். ஒரு மரப்பலகையில் கத்தி மேல்நோக்கிப் பதிந்திருக்கும். தச்சர் இழைப்புளியைத் தலைகீழாகப் போட்டது போல. ஐஸ் கட்டியை அதன்மேல் தேய்க்கத் தேய்க்கப் பூப்போலத் துருவி விழும். கையாலேயே அதை உருட்டிப் பந்தாக்கி, சிவப்புப் பாகு, பச்சைப் பாகு, சர்க்கரைப் பாகு ஊற்றிக் கொடுப்பார்கள். நடுவில் வேகவைத்த சிவப்பு அவரைப் பயறு வைப்பதும் உண்டு. 1950களிலும் 60களிலும் ஐந்து காசுக்கு ஒரு ஐஸ் பந்து. கை விறைக்க விறைக்க இடக்கைக்கும் வலக்கைக்கும் மாற்றி மாற்றி உறிஞ்சிக்கொண்டே பிள்ளைகள் வீட்டுக்கு நடப்பார்கள். அதுவே கிண்ணத்துக்குள் போய், பயறும் சோளமும் அத்தாப்புக் காயும் சேர்ந்து ஐஸ் கச்சான் ஆயிற்று. தெருவில் விற்றவர்களையெல்லாம் 1971 முதல் 1986க்குள் குழாய்த் தண்ணீரும் சாக்கடையும் உள்ள அங்காடி நிலையங்களுக்கு மாற்றிய பிறகு, பந்து போய்க் கிண்ணம் நிலைத்தது.

நகரத்துக் கதை அப்படி. தோட்டத்துக் கதை வேறு.

துரை பங்களாவில் மண்ணெண்ணெயில் எரியும் ஐஸ் பெட்டி இருந்தது என்று என் பாட்டி சொல்லுவார். அதைத் திறந்து பார்த்தவர் பங்களா வேலைக்குப் போன பெண்கள் மட்டுந்தான். நெருப்பை வைத்துக் குளிர் உண்டாக்குகிறார்கள் என்று அவர்கள் லயத்தில் வந்து சொன்னபோது, பொய் சொல்லுகிறாள் என்று சிரித்தார்களாம். உண்மையில் அது பொய்யன்று. விளக்கின் சூட்டால் அம்மோனியாவைத் துரத்திக் குளிர்விக்கும் பெட்டிகள் அக்காலத்தில் இருந்தன.

நான் சிறுமியாக இருந்த 1980களில் எங்கள் தோட்டத்தில் ஜெனரேட்டர் மாலையில் சில மணி நேரம் ஓடும். தமிழ்ப் படம் பாதியில் இருக்கும்போதே இரவு பத்துக்கு நின்றுவிடும். நான்கு மணி நேர மின்சாரத்தில் விளக்கு எரியலாம், ஐஸ் பெட்டி ஓடாது. ஆகையால் ஐஸ் என்பது எங்களுக்குச் சம்பள நாள் பண்டம். மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு மணி அடித்து வருவார் ஐஸ்கிரீம்காரர். அப்பாவின் கைப்பணத்தைப் பொறுத்து ஒரு குச்சியை இரண்டு பேர் பங்கிட்டுக்கொள்வோம். மேல்பாதி தம்பிக்கு, கீழ்ப்பாதி எனக்கு. கீழ்ப்பாதி சீக்கிரம் உருகும் என்பதை அவன் எப்படியோ தெரிந்து வைத்திருந்தான்.

எங்கள் தோட்டத்தின் ஒரு பகுதியில் தென்னைக்கு இடையே கொக்கோ நட்டிருந்தார்கள். அந்நாளில் மலேசியாவில் கொக்கோவுக்கு நல்ல காலம். 1990இல் நாட்டின் விளைச்சல் ஏறத்தாழ 247,000 டன்னை எட்டிற்று. பிறகு விலை விழுந்து, காய்த்துளைப் புழுவும் சேர்ந்து, செம்பனை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. 2020களில் ஆண்டு விளைச்சல் 1,000 டன்னுக்கும் கீழே போய்விட்டது. அம்மா கட்டையால் காயை உடைத்து விதையைக் கூடையில் போடுவார். விதையைச் சுற்றியுள்ள வெள்ளைச் சதை புளிப்பும் இனிப்புமாக இருக்கும். நாங்கள் அதைச் சப்பிவிட்டு விதையைத் திரும்பக் கூடையில் போட்டுவிடுவோம். பெட்டியில் நிரப்பி ஐந்தாறு நாள் புளிக்கவைத்து, வெயிலில் காயப்போட்டு, மூட்டை கட்டி லாரியில் ஏற்றுவார்கள். அது எங்கே போகிறது, என்ன ஆகிறது என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. கடையில் வெள்ளித்தாள் சுற்றிய சாக்லெட்டைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தபோது, அதற்கும் அம்மாவின் கையில் படிந்த கறைக்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்குத் தெரியாது. இடைநிலைப் பள்ளியில் புவியியல் பாடத்தில்தான் படித்தேன். அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "அப்படியா?" என்று கேட்டுவிட்டு அடுப்பை ஊதப் போய்விட்டார்.

1990களின் தொடக்கத்தில் மின்வாரியக் கம்பி லயத்திற்கு வந்தது. இரவும் பகலும் மின்சாரம். எங்கள் லயத்தில் முதலில் ஐஸ் பெட்டி வாங்கியவர் கோடி வீட்டு அத்தை. தவணைப் பணத்தில் வாங்கினார். மாமா ஒரு வாரம் சண்டை போட்டார். அத்தை ஒன்றும் பேசாமல், கடையிலிருந்து நீளமான மெல்லிய பிளாஸ்டிக் பைகளை ஒரு கட்டு வாங்கி வந்தார். சிவப்புப் பாகு கரைத்த தண்ணீரை ஒன்றிலும், மைலோவை ஒன்றிலும், தேங்காய்ப்பாலும் சோளமும் கலந்து ஒன்றிலும் ஊற்றி, நுனியை முடிச்சுப் போட்டு உறையவைத்தார். பத்துக் காசுக்கு ஒன்று. ஐஸ்கிரீம் மலேசியா என்று இதைத்தான் ஊரெல்லாம் சொல்லுகிறார்கள். ஒரு மூலையைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு உறிஞ்சுவோம். பள்ளி விட்டதும் அத்தை வீட்டு வாசலில் வரிசை நிற்கும். ஓர் ஆண்டுக்குள் தவணை முடிந்தது. பிறகு அந்தப் பணத்தில்தான் அத்தையின் மகள் பட்டணத்து இடைநிலைப் பள்ளிக்குப் பஸ் ஏறினாள். மாமாவும் சண்டையை மறந்து, மாலையில் வாசலில் உட்கார்ந்து காசு வாங்கிப் போடத் தொடங்கிவிட்டார்.

அத்தையின் செய்முறையில் இரண்டு நுட்பம் உண்டு. நாக்கு குளிர்ந்துவிட்டால் இனிப்பு குறைவாகத்தான் தெரியும். ஆகவே குடிக்கும்போது சற்றே அதிகமாகத் தித்திக்கும்படி சர்க்கரை போட வேண்டும். ஆனால் அளவு மீறினால் உறையாமல் கூழாக நிற்கும். ஏனென்றால் சர்க்கரையும் உப்பைப் போலவே தண்ணீர் உறைவதைத் தாமதப்படுத்தும். மற்றொன்று, பையை விளிம்புவரை நிரப்பக் கூடாது. தண்ணீர் உறையும்போது பருமனாகும், பை வெடித்துவிடும்.

பாகுத் தண்ணீரை விடப் பழம் நல்லது. பழுத்த மாம்பழத்தையோ பப்பாளியையோ மசித்து, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டு, பையில் ஊற்றி ஐந்தாறு மணி நேரம் வையுங்கள். பொந்தியான் பக்கத்து அன்னாசி மலிவாகக் கிடைக்கும் நாளில், பொடியாக நறுக்கிச் சிறிது சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியபின் ஊற்றுங்கள். கனிந்து கறுக்கத் தொடங்கிய வாழைப்பழத்தை யாரும் தொடுவதில்லை அல்லவா? அதை வில்லை வில்லையாக வெட்டி உறையவைத்து, பிறகு நன்றாகக் கடைந்தால், பால் ஒரு சொட்டும் இல்லாமலே ஐஸ்கிரீம் போல் ஆகிவிடும். எங்கள் பள்ளியில் நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுடன் இதைச் செய்து பார்த்தோம். கடைசியில் பாத்திரத்தைக் கழுவ வேண்டிய தேவையே இருக்கவில்லை.

ஐஸ் பெட்டி இல்லாத வீட்டிலும் வழி உண்டு. கடையில் ஒரு மூட்டை ஐஸ் வாங்கி உடைத்து, மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு கல்லுப்பு என்று வாளியில் கலந்து, மூடியுள்ள பால் தகரத்தில் பழக்கூழையோ மைலோவையோ ஊற்றி அதன் நடுவில் புதைத்து, அரைமணி நேரம் திருப்பிக்கொண்டே இருங்கள். உப்பு ஐஸை உருக வைக்கும். உருகுவதற்கு வேண்டிய சூட்டை அது தகரத்திலிருந்து பிடுங்கிக்கொள்ளும். வெறும் ஐஸ் சுழியம் டிகிரிக்குக் கீழே இறக்காது. உப்பு சேர்ந்தால் மைனஸ் 15க்கும் கீழே இறங்கக்கூடும். அதனால் அந்த உப்பு ஐஸைப் பிள்ளைகள் கையில் பிடித்து விளையாடக் கூடாது, தோல் வெந்ததுபோல் ஆகிவிடும். கையால் சுழற்றும் ஐஸ்கிரீம் வாளிக்கு 1843இல் அமெரிக்காவில் நான்சி ஜான்சன் என்ற பெண்மணி காப்புரிமை பெற்றார். அதுவும் இந்த உப்பையும் ஐஸையும் நம்பியதுதான். நம் ஊர் ஐஸ் பொத்தோங்கும் முன்பு உப்பு ஐஸ் நிறைந்த பீப்பாயில் தகர அச்சுகளை இறக்கிச் செய்து, கத்தியால் துண்டு போட்டு விற்கப்பட்டது. பொத்தோங் என்றால் வெட்டுதல் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

சாக்லெட் பூசிய ஐஸுக்கும் ஒரு கதை இருக்கிறது. அதில் வருபவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்பதால் எனக்குக் கொஞ்சம் பெருமை! அமெரிக்காவில் ஒனாவா என்ற சிற்றூரில் கிறிஸ்டியன் நெல்சன் என்பவர் ஆசிரிய வேலையோடு ஒரு மிட்டாய்க் கடையும் வைத்திருந்தார். 1920இல் ஒரு சிறுவன் கடைக்கு வந்து, ஐஸ்கிரீமா சாக்லெட்டா என்று முடிவு செய்ய முடியாமல் நின்றான். இரண்டும் வேண்டும், கையில் இருப்பதோ ஐந்து காசு. நெல்சன் இரண்டையும் ஒன்றாக்கிப் பார்த்தார். உருக்கிய சாக்லெட் ஐஸ்கிரீம்மேல் ஒட்டாமல் வழிந்தது. பலமுறை முயன்று, கொக்கோ வெண்ணெயைச் சரியான அளவில் சேர்த்தால் சட்டென்று இறுகி ஒட்டிக்கொள்கிறது என்று கண்டுபிடித்தார். எஸ்கிமோ பை என்ற பெயரில் 1922இல் காப்புரிமை வந்தது.

கொக்கோ வெண்ணெய் நம் சமையலறையில் இருக்காது. தேங்காய் எண்ணெய் இருக்கும். அதுவும் குளிரில் இறுகுவதுதான். மலைப் பக்கம் வாழ்ந்தவர்களுக்குக் குப்பியில் உறைந்த எண்ணெயை வெயிலில் வைத்து எடுத்த அனுபவம் இருக்குமே. பிசாங் மாஸ் வாழைப்பழத்தை உரித்து, ஒரு குச்சியைச் செருகி, தட்டில் ஒட்டாமல் பரப்பி மூன்று நான்கு மணி நேரம் உறையவையுங்கள். 200 கிராம் சாக்லெட்டை ஒரு கிண்ணத்தில் போட்டு, சுடுதண்ணீர்ச் சட்டியின் மேல் வைத்து உருக்குங்கள். நேரடி நெருப்பு கூடாது. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே விழுந்தாலும் சாக்லெட் கட்டிதட்டிப் போகும். அதில் இரண்டு மேசைக் கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டுக் கலக்கி, கொஞ்சம் ஆறியதும் பழத்தை முக்கி எடுங்கள். கண்முன்னே இறுகும். வறுத்த வேர்க்கடலைப் பொடியைத் தூவுவதானால் அந்தக் கணமே தூவிவிட வேண்டும்.

மகிழ்ச்சியான பேச்சுக்கு நடுவே ஒரு வருத்தமான செய்தியையும் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விளையாட்டுப் போட்டி நாளில், வியாபாரி ஒருவர் மீனுக்குப் போடும் கட்டி ஐஸைத் துருவிப் பிள்ளைகளுக்கு விற்றுவிட்டார். அன்றிரவு எங்கள் பிள்ளைகளில் ஏழெட்டுப் பேர் வாந்தியும் பேதியுமாகக் கிடந்தார்கள். ஒரு சிறுமி மூன்று நாள் மருத்துவமனையில் இருந்தாள். அவள் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஐஸ் வாங்கித் தின்னக் காசு கொடுத்தவள் நான். குளிர் கிருமிகளைக் கொல்லுவதில்லை, தூங்கத்தான் வைக்கிறது. வயிற்றின் சூட்டில் அவை விழித்துக்கொள்ளும். ஆகவே கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர், சோப்புப் போட்டுக் கழுவிய கை, நன்றாகக் கழுவித் தோல் சீவிய பழம், புதிய பை. ஒருமுறை உருகிவிட்டதை மறுபடி உறையவைத்துப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

கோடி வீட்டு அத்தை இப்போது இல்லை. அந்தத் தோட்டமும் இல்லை. வீடமைப்புத் திட்டம் வந்து, லயங்களை இடித்து, எல்லோரும் அடுக்குமாடிக்கும் மலிவு வீட்டுக்கும் பிரிந்து போனோம். முதலில் நான் சொன்ன மாணவர் இருக்கிறாரே, துவாஸ் ஐஸ் கிடங்கில் வேலை பார்ப்பவர், அவர் அந்த அத்தையின் பேரன்தான். அவருடைய மனைவி அடுக்குமாடி வீட்டில் பாட்டி செய்ததுபோலவே பையில் ஊற்றி விற்கிறாராம். இப்போது ஒன்று 50 காசு.

"நீயும் சாப்பிடுவாயா தம்பி?" என்று கேட்டேன். "எங்க டீச்சர்? வேலை விட்டு வந்து ஹெல்மெட்டக் கழட்டுறதுக்குள்ள, சின்னவ ஓடி வந்து ஒரு ஐஸ கையில குடுத்துடுறா. ஐயோ, முதல்ல அப்பாவுக்குச் சுடுதண்ணி குடும்மான்னுதான் சொல்றேன்" என்றார்.